பேணுதல்

நாவலூர் வீட்டில் மகள் பாத்ரூம் குழாயை மூடுகிறாள். உடனே மறுபடி திறக்கிறாள். அந்தச் சத்தம் இரண்டாயிரங்களின் தொடக்கத்து அஸ்தினாபுரத்துக்கு என்னை இழுத்துப்போனது.

தொழுகைக்கு முன் ஒளு செய்ய உட்காரும் அம்மா, கழுவிய கையையே கழுவிக்கொண்டிருப்பாள். விரலிடுக்கு வெடித்து, அதில் தடவிய தேங்காய் எண்ணெய் மணக்கும். அதற்குள் பள்ளிவாசலில் அடுத்த தொழுகைக்கான பாங்கே கேட்டுவிடும்.

"உங்கம்மா பேணுதல் யாருக்கு வரும்!" என்பார் பக்கத்து வீட்டு மாமி. எங்களுக்கும் அது பக்தியாகத்தான் தெரிந்தது.

"கை எரியலையாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எரியுதுடா. மனசு ஒத்துக்க மாட்டேங்குதே" என்று அழுதாள்.

இப்போது கதவைத் தட்டினேன். "சுத்தமாயிடுச்சும்மா, வெளிய வா."

"தெரியுது அத்தா. மனசு ஒத்துக்க மாட்டேங்குது."

என் அம்மாவை இவள் பார்த்ததே இல்லை. டாக்டரிடம் போக வண்டிச் சாவியை எடுத்தேன்.