வண்டி ஒரு இலாகா, மாடு ஒரு இலாகா: லுணுகலையிலிருந்து முகாம் வரை

நான் ஊர் சுற்றுகிற ஆள் இல்லை. லுணுகலைக் கடைத்தெருவில் அரிசியும் கருவாடும் விற்கிறவன். அப்படிப்பட்டவன் கடையைப் பூட்டிவிட்டு ஐந்து நாள் பயணம் போனேன் என்றால், அது முழுக்க கவர்மெண்டு செய்த உபகாரம். சீமையில் சண்டை தொடங்கி இரண்டாவது வருஷம் நடக்கிறது. பட்டாளத்துக்குச் சாமான் இழுக்க எங்கள் வண்டிகளை ரோட்டில் மறித்துப் பிடிக்கிறார்கள். என்னைப் போல் இன்னும் சிலர் அந்த முகாமுக்கு அலைய வேண்டிவரலாம் என்பதால் வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். முகாமின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. பண்டாரவளையிலிருந்து நாலு மைல் என்றால் போக வேண்டியவர்களுக்குப் புரிந்துவிடும்.

எனக்கு ஒரே ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு. ஒன்று வெள்ளை, ஒன்று மயிலை. இரண்டின் வலது தொடையிலும் என் பெயர் பழனியப்பனின் முதல் எழுத்தான 'ப' சுட்டிருக்கும். ஓட்டுகிறவன் மாரிமுத்து, பன்னிரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறவன். ரெயிலில் வரும் அரிசியை ஏற்றப் பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் போனவனைப் பட்டாளத்தார் மறித்து, பத்து நாள் வேலை என்று சொல்லி, இங்கிலீஷில் ஒரு சீட்டு கொடுத்து முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பத்து நாள்தானே என்று நானும் பொறுத்தேன். பதினொன்றாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் புறப்படுகிற நேரத்தில் முகாம் வாசலில் சார்ஜன்ட் ஒருவர் மாடுகளைப் பார்த்துவிட்டு, இவை கவர்மெண்டு மாடுகள், நீ திருடிக்கொண்டு போகிறாய் என்று பிடித்துவைத்துவிட்டாராம். அடுத்த திங்கட்கிழமை பதுளைக் கோர்ட்டுக்கு அனுப்பப்போகிறார்களாம். பசறைப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் புதன்கிழமை மாலை வந்து இதைச் சொன்னார்.

அப்போது கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "முகாம்ல யாரோடயோ சேந்து என் மாட்டை மாத்திட்டான். இத்தனை வருஷம் சோறு போட்டதுக்கு நல்லாச் செஞ்சான்" என்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கவர்மெண்டு தப்புச் செய்யும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. மாரிமுத்து தப்புச் செய்வான் என்பது மட்டும் உடனே தோன்றியது.

வியாழன் விடிய நாலு மணிக்குப் புறப்பட்டேன். பக்கத்துக் கடைக்காரர் வண்டியில் எழுபத்தைந்து சதம் கொடுத்து இடம் பிடித்தேன். பதுளைக்கு இருபத்துநாலு மைல். ஆறு மணி வாக்கில் வழித் தோட்டங்களில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். பசறைக்குப் பதினொரு மணிக்கு வந்தோம். மாடுகளுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுத்துத்தான் ஆக வேண்டும், அவசரப்படுத்திப் பிரயோசனமில்லை. பதுளை வந்து சேர இரவு ஏழரை. கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடைகளின் மாடியில் பாயும் சாப்பாடுமாக அறுபது சதத்துக்குத் தங்கலாம். மூட்டைப்பூச்சிக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கவர்மெண்டு ஆபீசுகள், எங்கள் பேச்சில் கந்தோர்கள், திறந்தன. முதலில் பிட்டிசன் எழுதுகிறவரிடம் ஒரு ரூபாய் கொடுத்து மனு எழுதிக்கொண்டேன். முதல் கந்தோரில் மனுவை வாசித்துவிட்டு, பட்டாள விஷயம் எங்களுக்குச் சம்பந்தமில்லை, வண்டி பிடிப்பதை ரோட்டு இலாகாவில் கேளும் என்றார்கள். ரோட்டு இலாகாவில் ஒரு கிளாக்கர் மாரிமுத்துவின் சீட்டுக்கு நகல் இருக்கிறது என்று எடுத்தே காட்டினார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதில் ஒரு வண்டி, ஒரு ஆள் என்று மட்டும் எழுதியிருந்தது. மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வண்டியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வேன், மாடு என் கணக்கில் வராது என்றார். மாடு இல்லாமல் அந்த வண்டி எப்படி ஐயா முகாமுக்குப் போனது என்று கேட்டேன். அதை முகாமில்தான் கேட்க வேண்டும் என்றார். வண்டி ஒரு இலாகா, மாடு ஒரு இலாகா, மாடு நடக்கிற ரோடு மூன்றாவது இலாகா. பிடிக்கிறபோது மட்டும் எல்லாம் ஒரே கவர்மெண்டு.

இப்படி மூன்று படி ஏறி இறங்குவதற்குள் நாலு மணியாகிவிட்டது. கடைசிக் கந்தோரில் இருந்த வயதான கிளாக்கர் ஒருவர் மட்டும் மனுவின் மூலையில் 'முகாம் அதிகாரி இதை விசாரித்துப் பதில் தரவும்' என்று எழுதி ஒரு முத்திரை குத்தினார். அந்த ஒரு வரிக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். வெறும் மனுவோடு போயிருந்தால் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை பண்டாரவளைப் பயணம். மைல் கல் கணக்கில் பதினெட்டு. மோட்டார் கோச்சில் இடமெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் பிடித்துவிட்டதால் பழைய குதிரைக் கோச்சுதான் கிடைத்தது, இரண்டு ரூபாய் ஐம்பது சதம். பதுளைக்கு ரெயில் வரும் வரும் என்று பல வருஷமாகச் சொல்கிறார்கள். இப்போது கேட்டால் சண்டை முடியட்டும் என்கிறார்கள். ஏழு மணிக்குப் புறப்பட்டு ஹாலிஎலையில் எட்டு, தெமோதரையில் ஒன்பதேகால். அங்கே குதிரை மாற்றும்போது தேநீர் குடித்துவிடுங்கள், பிறகு கிடைக்காது. எல்லப் பக்கம் பாதை பிரிகிற இடத்தில் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. ஆடியில் எங்கள் ஊவா மாகாணம் முழுவதும் வீசுகிற காற்றுதான், ஆனால் அந்தத் திருப்பத்தில் என் தலைப்பாகையையே கேட்டது. எதிர் மலையில் தேயிலைக் கொழுந்து வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. நல்ல காட்சிதான். ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை. மாடு போனாலும் பரவாயில்லை, மாரிமுத்து ஜெயிலுக்குப் போனால் அவன் பெண்சாதி முகத்தில் எப்படி முழிப்பது என்பதும், அவன் உண்மையில் திருடியிருந்தால் என்ன செய்வது என்பதும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

பதினொரு மணிக்குப் பண்டாரவளை. முகாமுக்கு வண்டி கிடைக்காது, நடக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு வாசலில் நின்றேன். சனிக்கிழமை ஒரு மணிக்குக் கந்தோரை மூடிவிடுவார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் உங்களுக்குச் சொல்கிறேன். முத்திரையைப் பார்த்த சிப்பாய் உள்ளே அழைத்துப்போனார்.

பொறுப்பில் இருந்த துரை சண்டைக்கு முன் தேயிலைத் தோட்டத்துத் துரையாக இருந்தவர். தோட்டத்துத் தமிழ் சரளமாகப் பேசினார், அதட்டுகிற தமிழ். பக்கத்தில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், கந்தோர் எழுத்து வேலை பார்ப்பவர். மாடு கட்டுகிற கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். மாரிமுத்து அங்கே புல் அள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். ஆறு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் கையிலிருந்த புல்லைக் கீழே போட்டான். அவனுக்குப் பின்னால் என் வெள்ளையும் மயிலையும் நின்றன. மாடு மாறவில்லை. என் மாடுகளேதான். அந்த நிமிஷம் எனக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை.

துரை பிரம்பால் வெள்ளையின் தொடையைத் தொட்டுக் காட்டினார். "இது கவர்மெண்டு மாடு. யூ போட்டிருக்கு பாரு. ஊவாவுக்கு யூ. இங்க எல்லா மாட்டுக்கும் அதான் குறி."

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். கொட்டகையில் இருந்த மாடுகள் எல்லாவற்றின் தொடையிலும் அந்த இங்கிலீஷ் எழுத்து இருந்தது. என் மாட்டைத் திரும்பப் பார்த்தேன். பதுளைக் கொல்லர் மூலை வைத்துத்தான் கம்பியை வளைத்திருந்தார். ஆறிய தோலில் அந்த மூலைகள் மழுங்கிப்போயிருந்தன. மாரிமுத்துவின் மடியில் மாட்டின் குறியைப் பதிந்து கொடுத்த மாட்டுச் சீட்டு இருந்திருக்கிறது. அதிலும் அதே குறி வரைந்திருந்ததால், இதோ இதிலும் யூ என்று அதையும் அவனுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது என் முதலாளி எழுத்து என்று அவன் சொன்னதைச் சார்ஜன்ட் காதில் வாங்கவே இல்லையாம்.

"துரை, அது யூ இல்லீங்க. அது 'ப'. என் பேரு பழனியப்பன். அதுக்கு மொத எழுத்துங்க" என்றேன்.

துரைக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. யாழ்ப்பாணத்து ஐயாவைப் பார்த்தார். ஐயா குனிந்து தொடையை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம், இது எங்கட 'ப'தான். இவ்வளவு நாளும் நான் இதை இங்கிலீசிலதான் பாத்தனான்" என்றார் மெதுவாக. துரைக்கும் அதை எடுத்துச் சொன்னார்.

துரை லேசில் மசியவில்லை. 'ப'வாகவும் இருக்கலாம், யூவாகவும் இருக்கலாம், எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கடைக்காரன், எனக்குத் தெரிந்த ஒரே வழி சரக்கு எண்ணிப் பார்ப்பது. கவர்மெண்டு மாடு எத்தனை என்று புத்தகத்தில் இருக்குமே, கொட்டகையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள், இவை உங்கள் மாடுகள் என்றால் கணக்குச் சரியாக இருக்கும் என்றேன். புத்தகம் ஸ்டோரில் இருந்தது, மாடு கொட்டகையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆறு நாளாக ஒருவருக்கும் தோன்றவில்லை. புத்தகத்தில் ஐம்பத்தாறு. துரை தாமே நடந்து எண்ணினார். ஐம்பத்தெட்டு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

திரும்பி வந்தவர் என்னிடம் வரவில்லை. மாரிமுத்துவின் முன்னால் போய் நின்று, "நம்ம தப்பு" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுப் புல்லுக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இருந்தாலும் கடைக்காரப் புத்தி போகுமா? துரை, அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். துரைக்கு முகம் சிவந்தது. பிறகு எழுதிக் கொடுத்தார். பொலீசுக்கு ஒரு கடிதம், எங்களுக்கு ஒரு கடிதம். எங்கள் கடிதத்தின் அடியில் அதையே தமிழிலும் எழுதச் சொன்னேன். யாழ்ப்பாணத்து ஐயா நல்ல குண்டு எழுத்தில் எழுதினார். இந்த முகாமுக்கு வந்தபிறகு தாம் எழுதுகிற முதல் தமிழ் இதுதான் என்றார்.

மூன்று மணிக்கு வெளியே வந்தோம். அரிசியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெறும் வண்டியாகவே திரும்பினோம். அன்று பண்டாரவளையில் தங்கி ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டியை இறக்கத்தில் விட்டோம். முந்தின நாள் அதே ரோட்டில் பார்க்காத மலையெல்லாம் இப்போதுதான் கண்ணில் பட்டது. காற்றுக்கூட இதமாக இருந்தது. தெமோதரை தாண்டியதும் மாரிமுத்து பேச்செடுத்தான்.

"அந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கரய்யாகிட்ட மொத நாளே சொல்லிட்டேன் மொதலாளி. என் மொதலாளி வருவாரு, அவரு ஒரு நாளும் இதை நம்ப மாட்டாருன்னு."

சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. "நம்பிட்டேன் மாரிமுத்து. கடையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். மூணு நாள் அப்படித்தான் நெனச்சேன்" என்றேன்.

ஒரு மைல் கல் தாண்டியது. அவன் மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கவர்மெண்டு ஆறு நாள் நெனச்சிச்சு. நீங்க அதுல பாதிதான்" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை, ஆனால் வண்டி கொஞ்சம் வேகமாக ஓடியது. பதுளையில் பொலீஸ் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, திங்கள் மாலை லுணுகலை வந்து சேர்ந்தோம்.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம். வண்டியைப் பிடித்தால் சீட்டில் மாட்டையும், அதன் நிறத்தையும் சேர்த்து எழுதாமல் விடாதீர்கள். முகாமுக்கு வெறும் மனுவோடு போகாதீர்கள், பதுளையில் யாராவது ஒருவருடைய முத்திரையாவது வேண்டும். கம்பளி கொண்டுபோங்கள். உங்கள் பெயர் 'ப'வில் தொடங்கினால் மாட்டில் அதைச் சுடாதீர்கள். நான் இப்போது 'ழ' போட்டுவிட்டேன். எந்த இங்கிலீஷ்காரனும் அதைத் தன் எழுத்து என்று சொல்ல முடியாது. தப்பை ஒப்புக்கொள்கிறவர் கவர்மெண்டிலும் இருக்கிறார், என்ன, அவரிடம் போய்ச் சேரத்தான் நாற்பத்தாறு மைல் ஆகிறது.

துரையிடம் எழுதி வாங்கியவன் நானும் எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா? கடையில் அதே ஆட்கள் முன்னால் வாயால் சொல்லிவிட்டேன். இங்கே எழுத்திலும்: மாரிமுத்துவைச் சந்தேகப்பட்டது என் தப்பு. இதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது, அந்த 'ப' என்ற ஓர் எழுத்தைத் தவிர. தாளை வாங்கி, கடைசி வரியில் விரலை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினான்.

"இதுல நம்ம மாட்டு எழுத்து இருக்கே மொதலாளி. தலையில புள்ளியோட ஒண்ணு, காலை நீட்டிக்கிட்டு ஒண்ணு. என்ன எழுதியிருக்கு?"

"தப்பு" என்றேன்.