பாலம் தாண்டிப் போன டார்லா

டார்லா ஹேவர்காம்ப் காட்டுப்பன்றி சுடுகிறவள். மேற்கு டெக்சாஸில் சோளக்கொல்லையில் பன்றி இறங்கினால் பண்ணைக்காரர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குண்டு பட்டும் அடங்காத பன்றியின் கழுத்தில் முழங்காலை ஊன்றிக் கத்தியால் முடித்துவிடுவாள். கை நடுங்காது.

எல்லையோர நகரமான எல் பாசோவிலிருந்த தங்கை வீட்டுக்குப் புறப்பட்டவள், கொட்டும் மழையில் கடைசித் திருப்பத்தைத் தவறவிட்டாள். அதற்கப்புறம் எல்லைப் பாலம்தான். வண்டியைத் திருப்ப இடமில்லை. எதிரே மெக்ஸிகோக் கொடி.

இறங்கி, அங்கே நின்ற சிப்பாயிடம் அவளே சொன்னாள். பண்ணையாட்களோடு பழகிய ஸ்பானிஷ் அவளுக்கு இருந்தது.

"ஐயா, வழி தப்பி வந்துட்டேன். பின்னாடி ரெண்டு துப்பாக்கி இருக்கு. சட்டப்படி வாங்கினது."

"உங்க ஊரு சட்டம் இங்க எதுக்கு, சென்யோரா?" என்றான் சிப்பாய். அவள் வண்டிப் பக்கம் கையைக் காட்டியதும் துப்பாக்கியை எடுக்கப் போகிறாள் என்று இன்னொருவனின் துப்பாக்கிக் கட்டை அவள் விலாவில் இறங்கியது. தரையில் கிடந்தவளை பூட்ஸ் கால்கள் மிதித்தன.

பாலத்துக்கு அக்கரையிலிருந்த ஹுவாரெஸ் நகரத்துப் பெண்கள் சிறையில், ஆயுதம் கடத்தியவள் என்ற பேச்சு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே கைதிகளில் சாயோ என்றொருத்தி சமையல் பார்த்தாள். அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்த துப்பாக்கியால் அவள் மகனைத் தெருவில் சுட்டுப் போட்டிருந்தார்கள்.

காலையில் தட்டை நீட்டிய டார்லாவின் தோளில் கொதிக்கிற பீன்ஸைக் கொட்டினாள் சாயோ.

"அடியே, நீ கொண்டாந்த துப்பாக்கிதாண்டி எம் புள்ளையத் தின்னுச்சு!"

"நான் பன்னி சுடுறவ! உம் புள்ள யாருன்னே எனக்குத் தெரியாது!"

"எங்களயும் பன்னின்னுதான நினைச்சீங்க!"

சாயோ தீட்டி வைத்திருந்த கரண்டிக் காம்பு டார்லாவின் கன்னத்தைக் கிழித்தது. அவள் சாயோவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கீழே தள்ளி முழங்காலைத் தொண்டையில் ஊன்றினாள். முழங்காலுக்கடியில் நாடி துடிப்பது தெரிந்தது. அழுத்தினாள். சாயோவின் முகம் கறுத்து, கால்கள் தரையை உதைத்தன. மூன்று பெண்கள் சேர்ந்து டார்லாவைப் பிய்த்து இழுத்தார்கள். அதற்குள் காவலர்கள் தடியோடு வந்து எல்லாரையும் ஒரேயடியாய் விளாசினார்கள்.

அன்றிலிருந்து யாரும் அவளை நெருங்கவில்லை. அவளுக்குத்தான் தன் முழங்காலைத் தொடவே கூசியது.

குளிர்காலம் முடியும்போது, தவறி வந்ததாக நீதிபதி ஒப்புக்கொண்டு விடுதலை செய்தார். துப்பாக்கிகளைத் திருப்பித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. வெளியேறும் வழியில் கையில் துணிக்கட்டோடு சாயோ உட்கார்ந்திருந்தாள்.

"உங் கை எப்படி இருக்கு?"

"வளைஞ்சுபோச்சு." குரல் இன்னும் கரகரத்தது. "ஒண்ணு சொல்லு. இவளுங்க இழுக்கலன்னா விட்டிருப்பியா?"

டார்லா கன்னத்துத் தழும்பைத் தடவினாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"விட்டிருக்க மாட்டேன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் சாயோ. "போ. உன் தங்கச்சி காத்திருக்காளாம்."

பாலத்தின் மறுகோடியில் தங்கை அழுதுகொண்டே கட்டிப்பிடிக்க ஓடிவந்தாள். டார்லா இரண்டு கைகளையும் நீட்டி அவளைத் தள்ளியே நிறுத்தினாள்.

"கொஞ்சம் இருடி. இப்ப யாரும் என்னத் தொட வேணாம்."