பத்து நிமிஷம் டிரைவர்

நம் தேசியக் கால்பந்து அணி தோற்ற கதையைச் சொல்லத் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. தோற்றவர்களை அடிபடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவரின் கதையை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அணியின் பஸ்ஸை ஓட்டியவர் அவர். பெற்றவர்கள் ஆசையாகத்தான் பெயர் வைத்தார்கள். ஆனால் அது அவருடைய லைசென்ஸுக்கு மட்டுமே தெரியும். ஊருக்கெல்லாம் அவர் 'பத்து நிமிஷம்'.

பெயர் சும்மா வரவில்லை. மைதானத்தின் வடக்குச் சுவருக்கு வெளியே பஸ் நிறுத்தும் இடம். சுவருக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், கோல் கம்பம். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிடுவார். அந்தக் காலத்து வண்டி. இருமி, செருமி, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கித்தான் எழுந்திருக்கும். எழுந்துவிட்டால் அந்தச் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். விசில் ஊதியதும் ஆட்டக்காரர்கள் சின்னக் கதவு வழியாக ஓடிவந்து ஏற வேண்டும், கூட்டம் வெளியே வருவதற்குள் வண்டி பறந்துவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. சிமென்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் அணிக்கு டிரைவராக வந்த முதல் வருஷம், நம் ஆட்கள் சொந்த மைதானத்தில் ஏழு கோல் வாங்கினார்கள். ஏழு! கூட்டம் கல்லைத் தூக்கிவிட்டது. வண்டியோ இருமிக்கொண்டே நிற்கிறது, கிளம்பமாட்டேன் என்கிறது. ஒரு கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்தது. இடப் பக்கம் மின்னலாக ஓடுவானே ஒரு பையன், அவன் கண்ணில் கண்ணாடிச் சில் ஏறிவிட்டது. அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. இப்போது மைதானத்துக்கு எதிரிலேயே பஞ்சர் கடை வைத்திருக்கிறான், ஒற்றைக் கண்ணோடு. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு டிரைவர் தனக்குத்தானே ஒரு சத்தியம் செய்தார்: இனி என் வண்டி ஒருநாளும் லேட்டாக ஸ்டார்ட் ஆகாது.

ஆகவும் இல்லை. அணி தோற்றுக்கொண்டே இருந்தது, வண்டி சரியாக ஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஆட்களுக்கு ஒரு தடவை புல் உயரம், ஒரு தடவை வெயில், ஒரு தடவை நடுவருக்குக் கண் தெரியவில்லை. நட்புக்காக ஆடும் சில்லறை ஆட்டங்களில் ஜெயிப்பார்கள். ஜெயித்தால் கோப்பையோ கீப்பையோ ஏதாவது ஒன்று கிடைக்கும் என்கிற ஆட்டமானால் போச்சு! எண்பது நிமிஷம் சிங்கம் போல ஆடிவிட்டுக் கடைசிப் பத்து நிமிஷத்தில் கோட்டை விடுவார்கள். அதென்ன மாயமோ, எப்போதும் அந்தக் கடைசிப் பத்து நிமிஷம்தான்.

டிக்கெட் கிடைக்காமல் வெளியே நிற்கிறவர்களுக்கு வானொலிகூட வேண்டாம். பஸ் உறுமினால், "சரி, கதை முடிஞ்சுது, வாங்கடா வீட்டுக்கு" என்று கலைந்துவிடுவார்கள். இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. தையல் மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருக்கும் அவருடைய மனைவி, சத்தம் கேட்டதும் எழுந்து அவர் குளிக்க வெந்நீர் போடுவாள். பஸ்ஸைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

"ஊர்ல அவனவன் பொண்டாட்டி பிள்ளையோட வெளிய போறான். நீங்க தோத்தவங்களச் சுமக்கறீங்க. என்னைக்காவது ஒருநாள் இந்த ஓட்டை வண்டிய நானே தள்ளிக்கிட்டுப் போய் ஆத்துல விடறேன், பாருங்க!"

"தள்ளறதுக்கு நாலு ஆள் வேணும்டி."

"எனக்கு வர கோவத்துக்கு நான் ஒருத்தியே போதும்."

இப்படியே காலம் ஓடியிருக்கும். கெட்டது எப்படி என்றால், கோல்கீப்பர் வாயைத் திறந்தான். அவன் வாயே திறக்காத பிள்ளை. ஒரு சாயங்காலம், வழக்கம்போல எண்பத்தாறாவது நிமிஷத்தில் கோல் வாங்கித் தோற்றுவிட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான். எல்லோரும் இறங்கிப் போனபிறகும் உட்கார்ந்தே இருந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"உங்க வண்டி ஸ்டார்ட் ஆகுதுல்ல, அப்போ எங்களுக்குள்ள என்னமோ அணைஞ்சு போயிடுது. எனக்கு மட்டும் இல்ல, பத்துப் பேருக்கும். வீட்டுக்குப் போற நேரம் வந்துடுச்சுன்னு கால் தானா ஓஞ்சுடுது. இன்னிக்கு அந்த கோல் வந்தப்ப நான் பந்தப் பாக்கலண்ணே. உங்க எஞ்சினத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

டிரைவருக்கு நெஞ்சில் யாரோ ஓங்கிக் குத்தியது போல இருந்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கைவைக்கவில்லை. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, இத்தனை வருஷமும் நாமே குழி பறித்துக்கொண்டிருந்தோமா? மனைவியிடம் சொன்னார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ ஸ்டார்ட் பண்ணாம இருங்களேன்" என்றாள், ஏதோ விளக்கை அணைக்கச் சொல்வதுபோல. அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். ஸ்டார்ட் செய்யாமல் இருந்து, அணியும் தோற்று, ஒரு கல் பறந்து வந்தால்? பஞ்சர் கடைக்கு இன்னொரு ஒற்றைக் கண்ணனை அனுப்புவதா? இந்தப் பக்கம் போனால் பள்ளம், அந்தப் பக்கம் போனால் கிணறு.

அப்படிப்பட்ட நேரத்திலா அந்த ஆட்டம் வர வேண்டும்! தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எப்படியோ முட்டி மோதி, யார் யாரோ யாரிடமோ தோற்ற புண்ணியத்தில், நம் அணி வாசற்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ஜெயித்தால் உலகக் கோப்பைக்குப் போகலாம். சமநிலையானால்கூட வீட்டோடு இருக்க வேண்டியதுதான். ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. அலுவலகங்களில் பாதி நாற்காலி காலி. மைதானத்துக்கு உள்ளே எள் போட்டால் எள் விழாது. வெளியே அதைவிடக் கூட்டம். வெளியே நின்ற அத்தனை பேரின் கண்ணும் நம் பஸ்ஸின் மேல்தான்.

அறுபதாவது நிமிஷத்தில் நம் ஆள் ஒருவன் தலையால் முட்டிக் கோல் போட்டான். சுவரே அதிர்ந்தது! வெளியே முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டிரைவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்திருந்தார்.  ஆனால் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் எதிரணி ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. உள்ளே அத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்ட சத்தம் வெளியே கேட்டது. ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தால் எல்லாம் போச்சு.

போன் அடித்தது. அணியின் மேனேஜர்.

"எண்பது ஆச்சு. இன்னும் என்னய்யா பண்றே? ஸ்டார்ட் பண்ணு!"

"சார், கொஞ்சம் பொறுங்க..."

"என்னத்தப் பொறுக்கறது? கூட்டத்தப் பாத்தியா? இன்னிக்கு ஒண்ணு ஆச்சுன்னா கல்லு இல்ல, வண்டியவே கொளுத்திடுவானுங்க. ஸ்டார்ட் பண்ணுய்யா!"

சாவி துவாரத்தில்தான் இருந்தது. கை அதன் மேல்தான் இருந்தது. பழகிய கை, அதற்கு மூளை வேண்டியதில்லை, தானே திருப்பிவிடும். அந்த நேரம் பார்த்துப் பஞ்சர் கடைக்காரன் ஜன்னலருகே வந்து நின்றான். இருந்த ஒரு கண்ணால் அவரையே பார்த்தான்.

"என்னண்ணே, இன்னும் சத்தத்தக் காணோம்?"

"என்ன செய்யறதுன்னு தெரியலப்பா." பத்து நிமிஷத்தின் குரல் உடைந்தது. "ஸ்டார்ட் பண்ணா உள்ள இருக்கறவங்க ஓஞ்சு போறாங்களாம். பண்ணாம விட்டுத் தோத்துட்டா, உனக்கு ஆன மாதிரி இன்னொருத்தனுக்கு..."

 அவன் சிரித்தான்.

"அண்ணே, எனக்கு அடிபட்டது பஸ்ஸுலதான். ஆனா நான் ராத்திரியில நெனச்சு நெனச்சுப் புழுங்கறது அதுக்கில்ல. அன்னிக்குக் கடைசியில ஒரு பந்து வந்துச்சு. தோத்தாச்சு, இனி எதுக்குன்னு ஓடாம நின்னுட்டேன். ஓடியிருக்கலாம்ல? சாவிய எடுங்க."

ஆனது ஆகட்டும்! பத்து நிமிஷம் சாவியை உருவினார். போனை அணைத்தார். அந்த வயசில், அந்தத் தொப்பையோடு, பஸ்ஸின் பின்பக்க ஏணியில் ஏறிக் கூரைமேல் நின்றார். இருபது வருஷத்தில் அவர் ஆட்டம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நம்புவீர்களா? தேசிய அணியின் டிரைவர், தேசிய அணி ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை!

கூரையிலிருந்து முழு மைதானமும் தெரியாது. தூரத்துக் கோல் தெரியும், அதில் நம் கோல்கீப்பர் பொட்டுப்போல நிற்பது தெரியும். பக்கத்துக் கோல் சுவருக்கு அடியில் ஒளிந்திருந்தது. மேல்கம்பம் மட்டும் தெரியும். எண்பத்திரண்டு. எண்பத்தைந்து. கோல்கீப்பர் அடிக்கடி வடக்குச் சுவரைப் பார்ப்பது போல இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான், எப்போது வரும் அந்தச் சத்தம் என்று. வரவில்லை. வெளியே கூட்டத்தில் யாரோ கத்தினான்: "டேய், இன்னும் ஸ்டார்ட் பண்ணல! இன்னும் முடியலடா!" அந்தக் கத்தல் ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, சுவரைத் தாண்டி உள்ளே போய்விட்டது. உள்ளே இருந்தவர்களும் கத்த ஆரம்பித்தார்கள். ஓய்ந்துபோக வேண்டிய கால்களெல்லாம் ஓடுகின்றன!

எதிரணி ஒரு பந்தை வெடிபோல அடித்தது. கோல்கீப்பர் பறந்தான், பிடித்தான், ஒரு நொடி தாமதிக்காமல் எட்டி உதைத்தான். பந்து வானத்தில் மிதந்து வடக்கே வந்தது. நம் ஆள் ஒருவன் அதைத் துரத்திக்கொண்டு வந்தான். வந்தான், வந்தான், சுவருக்கு அடியில் மறைந்துவிட்டான். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. "ஐயோ, என்ன ஆச்சு? என்னடா ஆச்சு?" என்று டிரைவர் கூரைமேல் குதித்தார். மேல்கம்பம் ஒரு ஆட்டம் ஆடியது. ஒரு நொடி எங்கும் சத்தமே இல்லை.

பிறகு வந்தது பாருங்கள் ஒரு சத்தம்! அது எஞ்சின் சத்தமில்லை. நூறு எஞ்சின்கூட அப்படி உறுமாது. டிரைவர் இரண்டு கையையும் வானத்துக்கு வீசினார். கையிலிருந்த சாவி எங்கே போனதென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

விசில் ஊதியதும் சின்னக் கதவு திறந்தது. யாரும் ஓடிவரவில்லை, தோள்மேல் ஏறி வந்தார்கள். மேனேஜர் அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார்: "வண்டிய எடுய்யா, ஊர் முழுக்கச் சுத்தணும்!"

"சாவி இல்ல சார்."

"என்னய்யா சொல்றே?"

"தூக்கி எறிஞ்சுட்டேன் சார்."

பஞ்சர் கடைக்காரன்தான் முதலில் பஸ்ஸின் முதுகில் தோளைக் கொடுத்தான். அவன் பின்னால் பத்துப் பேர், நூறு பேர். ஆட்டக்காரர்கள் ஏறிக்கொண்டதும் டிரைவர் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டார். கல்லெறிந்த கைகளும் அதில் இருந்திருக்கும், யார் கண்டது. வண்டி உறுமாமல், இருமாமல் தெருவில் மிதந்து போனது. இரண்டாவது தெரு திரும்பியபோது அவருடைய மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்க, முகமெல்லாம் கலவரமாக.

"என்னங்க, எவ்வளவு நேரமாச்சு, ஒரே கூச்சலா இருக்கு, எஞ்சின் சத்தத்தையே காணோமே! வண்டிக்கு என்ன ஆச்சு? யாருக்காவது அடியா?"

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். சொல்லத்தான் நினைத்தார். முடியாமல் சின்னப் பிள்ளைபோலத் தேம்பினார். பின்னாலிருந்து கோல்கீப்பர்தான் எட்டிப்பார்த்துக் கத்தினான்:

"அண்ணி! இன்னிக்கு வெந்நீர் போடாதீங்க! அண்ணன் வர லேட்டாகும்!"

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அளவு நாடாவைக் கழற்றி வாசலில் எறிந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸின் பின்பக்கம் ஓடினாள். பஞ்சர் கடைக்காரனைத் தோளால் இடித்து நகர்த்திவிட்டு, இத்தனை வருஷம் வைத சக்களத்தியின் மேல் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள்.