காளீஸ்வரியின் குஞ்சுப் பெட்டி

திருச்சுழி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் காளீஸ்வரிக்கு ஒரு சிறிய கடை. மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் சார்ஜர், வீட்டு இன்வெர்ட்டர், ஆட்டுக் கொட்டகையின் சோலார் விளக்கு என்று மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் எது கெட்டாலும் சுற்றுவட்டாரத்தில் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். அவள் பாலிடெக்னிக் முடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு சார்ஜர் கம்பெனியில் ஆறேழு வருஷம் வேலை பார்த்தாள். வரிசையில் வரும் மின்சுற்றுப் பலகைகளில் செத்ததைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் அங்கே வேலை. ஏன் செத்தது என்று கேட்க நேரம் கிடையாது. அது அவளுக்கு ஒட்டவே இல்லை. கல்யாணமாகி ஊருக்குத் திரும்பியதும், லோடு வண்டி ஓட்டும் கணவன் முத்துராஜிடம், "நான் வேலைக்குப் போகல. கடை போடுறேன்" என்றாள். அவன் மறுநாளே பழைய மேஜை ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

ரிப்பேர் பார்ப்பதோடு நில்லாமல் அவளே வரைந்து செய்த முதல் பொருள் குஞ்சு பொரிக்கும் பெட்டி. பக்கத்து ஊரான பரளச்சியில் ரேணுகாதேவி கேட்டுச் செய்தது. மழையை நம்பி மிளகாயும் மல்லியும் போட்டுச் சலித்த சம்சாரி வீட்டுப் பெண் அவள். நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்திருந்தாள். கரண்ட் போனாலும் முட்டைக்குச் சூடு நிற்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் சொன்னது. காளீஸ்வரி சோலார் பேட்டரியில் ஓடுகிற மாதிரி வடிவமைத்தாள். சூட்டைப் பார்க்க ஒரு சென்சார், யோசிக்க 'சிப்' எனும் ஒரு சில்லு, அது சொல்கிறபடி ஹீட்டரை இயக்கி நிறுத்த மாஸ்பெட் என்கிற மின்சுவிட்சு. அவ்வளவே.

சித்திரை வெயிலில் பெட்டி ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் சாயங்காலம் கோடை மழை இறங்கி ஊரையே குளிர்வித்தது. மறுநாள் காலை போன் வந்தது.

"காளீஸ்வரி, பெட்டி முப்பத்தேழரைல நிக்காம நாப்பத்திரண்டு டிகிரி காட்டுது. ஹீட்டர் லைட்டு அணைஞ்சுதான் கெடக்கு. சூடு மட்டும் ஏறிக்கிட்டே போகுது."

காளீஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. சில்லு நிறுத்தச் சொல்லியும் ஹீட்டர் எரிகிறது. சுவிட்சு செத்துப்போய், மின்சாரத்தை விட்டபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அக்கா, மொதல்ல பேட்டரி வயரப் புடுங்குங்க. மூடியத் தொறந்து வையிங்க. தண்ணி கிண்ணி தெளிச்சிராதீங்க. இந்தா வாரேன்."

ஸ்கூட்டியில் போகும்போது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். காற்று சீக்கிரம் சூடாகும், முட்டை மெதுவாகத்தான் சூடாகும். இருபுறமும் கருவேலமும் உழுது போட்ட கரிசலும் ஓடின. எதுவும் கண்ணில் படவில்லை.

ரேணுகாதேவி பெட்டியருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். "பொரிக்க இன்னும் ஒரு வாரந்தான் இருந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று காளீஸ்வரிக்குத் தோன்றியது.

முட்டைகளைத் துணி போர்த்திக் கூடையில் வைத்துவிட்டுப் பலகையைக் கழற்றினாள். மீட்டரின் முனைகளை மாஸ்பெட்டின் இரண்டு காலில் வைத்ததும் ஷார்ட் என்று கூவியது. நினைத்தது சரி. பெட்டிக்கென்று வாங்கிய மாஸ்பெட் பாக்கெட்டிலிருந்தே புதியதைப் பற்றவைத்து ஹீட்டரை ஓடவிட்டாள். ஓடியது. ஆனால் சற்று நேரத்தில் அதன்மேல் விரலை வைக்க முடியவில்லை. ஓடும்போது அதன் குறுக்கே அளந்தாள். கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில் ஒன்றரை வோல்ட்.

"என்ன செய்யுது?" என்றாள் ரேணுகாதேவி.

"மோட்டார் ஓடையில தண்ணிக் குழாயோட கேட்வால்வ அரைகுறையாத் தொறந்தா எப்படி இருக்கும்க்கா? அது மாதிரி. முழுசாத் தொறக்காம முக்குது. அந்த முக்கலெல்லாம் சூடாப் போகுது."

அவள் தேர்ந்தெடுத்தது சில்லு தரும் ஐந்து வோல்ட்டுக்கே முழுசாகத் திறக்கிற வகை. கைபேசி வெளிச்சத்தில் மாஸ்பெட்டின் முதுகைப் படித்தாள். நடுவில் 'எல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்' என்று இருந்தது. மதுரையிலிருந்து வந்த பாக்கெட்டில் ஓர் எழுத்து மாறிப்போய், முழுசாகத் திறக்கப் பத்து வோல்ட் கேட்கும் அண்ணன்காரன் வந்திருக்கிறான். வெயில் நாளில் ஹீட்டர் விட்டு விட்டு எரிந்ததால் தாக்குப்பிடித்தது. மழைக்குளிரில் விடாமல் எரிந்ததும் வெந்துவிட்டது.

சரியானது கைவசம் இல்லை. இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒரு சின்ன டிரான்சிஸ்டரைப் போட்டுப் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டையே மாஸ்பெட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஈயத்தை உருக்கியவள், பாதியில் நிறுத்தினாள். ஒற்றை டிரான்சிஸ்டர் சில்லின் கட்டளையைத் தலைகீழாக்கும் என்பதால், சில்லு செத்துப்போகிற அன்றைக்கு ஹீட்டர் தானாக எரிய ஆரம்பிக்கும். மறுபடியும் இதே கதைதான். பிரித்துவிட்டு, தலைகீழானது திரும்ப நேராகும்படி இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். இப்போது சில்லு பேச்சு மூச்சில்லாமல் போனால் ஹீட்டரும் அணைந்தே கிடக்கும். திரும்ப அளந்தபோது மீட்டர் அரைக்கால் வோல்ட்கூடக் காட்டவில்லை. விரலை மாஸ்பெட்டின் மேலேயே வைத்திருந்தாள். வெதுவெதுப்பு மட்டும்.

இனி முட்டைகள். தானியம் வைக்கும் இருட்டறைக்குள் இருவரும் போனார்கள். ரேணுகாதேவி முட்டையைப் பிடிக்க, காளீஸ்வரி அடியில் டார்ச்சை வைத்தாள். முதல் முட்டையில் அசைவில்லை. இரண்டாவதிலும் இல்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்றாவது முட்டையில், சிவந்த நரம்புகளுக்கு நடுவே இருட்டாகக் கிடந்த ஒன்று, தூக்கத்தில் புரள்கிற பிள்ளை மாதிரி ஒரு தரம் நகர்ந்தது.

"பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன். அடுத்தத எடு."

அடுத்ததும் நகர்ந்தது. அதற்கடுத்தது துள்ளியது. பாதிக் கூடை பார்த்து முடிப்பதற்குள் ரேணுகாதேவி சிரிக்க ஆரம்பித்திருந்தாள். காளீஸ்வரி சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரேணுகாதேவி சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம் வரை பெட்டி முன்னாலேயே உட்கார்ந்து, முப்பத்தேழரையில் முள் நகராமல் நிற்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அந்த வாரமே சூடு மிஞ்சினால் தானாக வளைந்து மின்சாரத்தை வெட்டிவிடும் உலோகத் தகட்டுச் சுவிட்சு ஒன்றை ஹீட்டர் வயரோடு சேர்த்தாள். எந்தச் சில்லையும் கேட்காத சுவிட்சு அது. இப்போதெல்லாம் ஒரு மின்சுற்றை வரையும்போது, எப்படி ஓடும் என்பதற்கு முன்னால் எப்படிச் சாகும் என்று யோசித்துவிடுகிறாள்.

நாலைந்து முட்டை கூமுட்டையாகப் போனது. மற்றதெல்லாம் பொரிந்தது. அன்று ரேணுகாதேவியின் போனில் பேச்சே காதில் விழவில்லை, ஒரே கீச்சுக் கீச்சு.

"கேக்குதா?" என்று அவள் கத்தினாள்.

"கேக்குதுக்கா, கேக்குது" என்றாள் காளீஸ்வரி. வைக்க மனமில்லாமல் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.