பெரியவர் முகத்தில் விழுந்த சிவப்பு

வெப்சைட்டை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவர்களின் கண்ணசைவை அளந்து சொல்வது என் தொழில். "எம் மகன் கண்ணுல ஏதோ பண்றான்" என்று அம்மா ஊரில் சொல்லிவைத்திருக்கிறார். அதனால் அருப்புக்கோட்டைக்குப் போனால் யாராவது இமையை விரித்துக்காட்டி, புரை இருக்கிறதா என்று கேட்பார்கள். "டாக்டரப் பாருங்க" என்பேன். என் சர்வீசில் நான் கொடுத்த உருப்படியான ஆலோசனை அதுதான்.

1. பட்டையை ஒட்டினேன்

ஒருமுறை சொந்த ஊரிலேயே வேலை வந்தது. தனபாலன் என்பவரின் சேலைக் கடை. அவர் மருமகள் ஜெயந்தி மல்லுக்கட்டிக் கடைக்கு ஒரு வெப்சைட் தொடங்கியிருந்தார். ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், ஆர்டர் போடாமல் போகிறார்கள். "தைக்குள்ள ஒரு முகூர்த்தச் சேலையாவது இதுல விக்கணும். இல்லேன்னா மூடிரணும் தாயி" என்று மாமனார் சொல்லிவிட்டார். ஏன் விற்கவில்லை என்று கண்டுபிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

மானிட்டருக்குக் கீழே ஐ டிராக்கரை ஒட்டினேன். பார்க்க ஸ்கேல் மாதிரி ஒரு பட்டை. கண் அதிகம் நின்ற இடத்தைச் சிவப்பாகவும் பார்க்காத இடத்தை நீலமாகவும் காட்டும். ஹீட் மேப் என்று பெயர். கடைக்கு வந்த பெண்களையே உட்காரவைத்து, "கல்யாணச் சேலை ஒண்ணு ஆர்டர் போடுங்க" என்றோம். முதலில் காலிபிரேஷன், அதாவது கருவிக்கு அவர்கள் கண்ணைப் பழக்குவது. தலையை ஆட்டாமல் திரையில் நகரும் புள்ளியைக் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். எல்லோரும் உடம்போடு சேர்ந்து போனார்கள். ஒரு அக்கா அந்தப் புள்ளியை அழுக்கு என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிட்டார்.

2. நான் கொடுத்த விளக்கம்

பக்கத்தின் உச்சியில் தனபாலனின் காலமான அப்பா படம், பெரிய ரோஜா மாலையோடு. அவர் முகம் முழுக்கச் சிவப்பு. ஆர்டர் பட்டன் நீலம் பூத்துக் கிடந்தது.

நான் படித்தவன் அல்லவா! "நிறுவனர் முகம் நல்ல நம்பிக்கை தருது சார். அதுல குறை இல்ல" என்றேன்.

தனபாலன் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்கப்பா முகராசி அப்படி. இம்புட்டு ஆசையாப் பாத்தும் வாங்கலேன்னா, நம்ம சனத்துக்குக் கம்ப்யூட்டர் யாவாரம் ஒத்துவராது. மூடிரு தாயி."

ஜெயந்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் சூட்டை அறிய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

3. பாண்டியம்மாள்

கடைசியாக உட்கார்ந்தவர் பரளச்சி கிராமத்துப் பாண்டியம்மாள். மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர். அவரும் ஆர்டர் போடாமல் எழுந்தார். நேராகப் போய் ஜெயந்தியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பத் தவறுனாக தாயி? துட்டி வீடுன்னு தெரியாம சேலைக்கு வந்து நிக்கிறனே."

"யாருக்கா தவறுனது?"

"அந்தா, மாலையப் போட்டு வச்சிருக்கீகளே! என்னைக்கு எடுத்தாகன்னு கீழ போட்டிருக்கான்னு தேடிக்கிட்டே கெடந்தேன்."

பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை. முன்னால் உட்கார்ந்த இரண்டு பேர் இன்னும் கடையில்தான் நின்றார்கள். கேட்டேன். "நாங்களும் அப்படித்தேன் நெனச்சோம். கேக்கச் சங்கடமா இருந்துச்சு" என்றார்கள். நான் நம்பிக்கை என்று விளக்கிய சிவப்பு முழுவதும் துக்க விசாரிப்பு. துக்க வீட்டில் யார் முகூர்த்தச் சேலை எடுப்பார்கள்?

தனபாலன் குனிந்து திரையில் இருந்த மாலையைப் பார்த்தார். பிறகு மருமகளிடம், "அப்பா கல்லாவுல உக்காந்து சிரிக்கிற படம் ஒண்ணு இருக்குல்ல, அதச் சின்னதா உள்ள போடு. மேல சேலையப் போடு" என்றார்.

ஜெயந்தி அங்கேயே மாற்றினார். பாண்டியம்மாள் மறுபடி உட்கார்ந்து, ஒரு அரக்குச் சேலையில் கண்ணை நிறுத்தினார். "இதத் தொட்டா வீட்டுக்கே வந்துருமா?" என்று கேட்டுக்கொண்டே ஆர்டரைப் போட்டார். மூடுகிற பேச்சு அதோடு முடிந்தது.

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தனபாலன் பக்கத்தில் வந்தார். "ஏன் தம்பி, இம்புட்டுச் சாமானும் கொண்டாந்தீக. வாயக் கொண்டார மறந்துட்டீகளோ?"

இந்த வேலைக்கு வருகிறவர்களே, சிவப்பைக் கண்டதும் ரிப்போர்ட் எழுத உட்காராதீர்கள். பார்த்தவர் இன்னும் செருப்பு மாட்டியிருக்க மாட்டார். ஓடிப்போய் என்ன நினைத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நான் இப்போதெல்லாம் பெட்டியோடு வாயையும் எடுத்துப்போகிறேன்.