கல்லறைத் தோட்டத்தில் இடம்

சித்தூரில் எங்கள் சபைக் கமிட்டியில் ஒரு மூப்பர் இருந்தார். வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். வாதம் பண்ணுமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

காலையில் இறந்த தகப்பனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு ஒரு பெண் வந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"கோயில்ல திருவிருந்து எடுக்க வராதவங்க சபையார் இல்ல. சரிதானம்மா?"

"சரிங்கய்யா."

"உங்க நைனா வந்தாரா?"

"பக்கவாதத்துல படுத்துக்கினு இருந்தாரே, எப்படிங்கய்யா வருவாரு?"

"வந்தாரா, வரலையா? அத்த மட்டும் சொல்லு."

"வரல."

"பாத்தியா, நான் ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லிட்ட."

சபையார் இல்லையென்று கமிட்டி இடம் மறுத்தது. பக்கத்துக் குடிபாலாவில் அவளுடைய சித்தப்பா நிலத்தில் புதைக்க ஏற்பாடானது. அவள் புறப்படுமுன், அவளுடைய ஆறுதலுக்காக அவர் கண்ணாடி நனைய நனைய ஜெபித்தார். அது பொய் அழுகை இல்லை, கர்த்தர் அறிவார். அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.