வலக்கை ஆறிய மாதங்கள்

என் மனைவியின் இடக்கையை ஒரு களிம்புக்கும் வலக்கையை வேறொரு களிம்புக்கும் ஒப்புக்கொடுத்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அவள் இறந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர் அவளுடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அவளிடம் பொறுமை இருந்ததில்லை. பகை இருந்தது, யார் மீது, எதற்காக என்று ஒருபோதும் குழம்பாத பகை. அவளோடு சேர்த்து அதையும் அடக்கம் செய்துவிட எனக்குச் சம்மதமில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேதியியலாளனாக இருந்தேன். பீங்கானின் மேல் கண்ணாடி போலப் படியும் மெருகுப் பூச்சைக் கலந்து, சூளையில் சுட்டுப் பார்ப்பது என் வேலை. சூளைகளுக்குப் பின்னால் ஒரே வரிசையில் கட்டிய குடியிருப்பில் எங்கள் வீடு. எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரு குழாய். என் மனைவி கருவேப்பிலங்குறிச்சியின் விவசாயக் குடும்பத்துப் பெண். கருவில் இரண்டு குழந்தைகளை இழந்திருந்தாள். இரண்டாவது கலைந்த சில மாதங்களில் அவளுடைய முழங்கைகளில் சிவந்த தடிப்புகள் தோன்றின. அவற்றின் மேல் வெள்ளி நிறச் செதில்கள். பிறகு அவை முன்கைகளுக்கும் புறங்கைகளுக்கும் இறங்கின. ஊர் வைத்தியர் காளாஞ்சகப்படை என்றார். ஆஸ்பத்திரியில் சோரியாசிஸ் என்றார்கள். குடியிருப்பில் குஷ்டம் என்றார்கள். அதைத் தாழ்ந்த குரலிலேயே சொன்னார்கள், ஆனால் அவள் காதில் விழும் தொலைவில் நின்று சொன்னார்கள்.

இது தொற்றாது என்பதைச் சூளை மேற்பார்வையாளரான பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் ஒரு முறை விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாளே அவர் மனைவி குழாயடியில் ஒரு விதி செய்தார். எல்லாரும் பிடித்து முடித்த பிறகே என் மனைவி தண்ணீர் பிடிக்க வேண்டும். அவள் நகர்ந்ததும் அந்த அம்மாள் குழாயின் கைப்பிடியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்.

"படிச்ச வூடு. சொன்னா புரிஞ்சிக்கணும். எங்க வூட்டுல புள்ளைங்க இருக்குதுல்ல?" என்று அவர் சொன்னதை என் வீட்டு வாசலிலிருந்து கேட்டேன்.

"எங்க வூட்டுலயும் புள்ள வரும்க்கா. அப்ப ஒங்கள தொட வுடறேனான்னு பாருங்க" என்றாள் என் மனைவி.

"வரட்டும், வரட்டும். மொதல்ல தோலு வரட்டும்."

குழாயடியில் சிரித்தார்கள். அவள் குடத்தோடு உள்ளே வந்து, குடத்தை இறக்காமலே, "எனக்கு இந்த ரெண்டு கையும் ஆறணும். அவ கையாலயே இதத் தொட வெக்கணும்" என்றாள். அதன்பிறகு அவள் வேண்டியது இது ஒன்றுதான். நலமாக வேண்டும் என்றுகூட அவள் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தோல் மருத்துவர் ஆராய்ச்சிக்காக மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார். பெருநகரத்து மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர். களிமண்ணிலும் சுண்ணாம்பிலும் கை வைக்கும் தொழிலாளர்களின் தோல் அழற்சியைப் பார்க்க வந்தவர், இந்த நோய் உள்ளவர்களைத் தனியே பிரித்துச் சேர்த்துக்கொண்டார். தம் முறையை அவர் என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். நோயாளி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கைக்குத் தரும் குழாயில் புதிதாக வந்த ஸ்டீராய்டு மருந்து கலந்த களிம்பு. மற்றக் கைக்கானதில் மருந்தில்லாத வெறும் களிம்பு. எது எது என்று நோயாளிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கல்லூரியில் வேறொருவர் அடையாளமிட்டு அனுப்புகிறார். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே கவலை, ஒரே வெயில். ஆகவே இரு பக்கங்களுக்கும் இடையில் தெரியும் வேறுபாடு மருந்தினுடையதாகவே இருக்க முடியும்.

அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒரே தட்டின் இரு பாதிகளில் இரண்டு பூச்சுகளைத் தடவி ஒரே சூளையில் சுடுகிறவன் நான். முறையின் மீது இன்றும் எனக்கு மதிப்பு உண்டு. மனிதரின் மீது இல்லை.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் என் மனைவி அவரையே கேட்டாள்: "அப்ப ஒரு கைய வேணும்னே ஆற வுடாம வெச்சிருக்கப் போறீங்களா?"

"முடிஞ்சதும் நல்ல மருந்தை ரெண்டு கைக்கும் கொடுப்போம்" என்றார் அவர், என்னைப் பார்த்து.

இடக்கை சில வாரங்களிலேயே ஆறியது. செதில் உதிர்ந்து, சிவப்பு மங்கி, பழைய தோல் வெளிவந்தது. வலக்கை அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லாருமே இப்படித்தான் பாதிப்பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணாடத்திலிருந்து வரும் கரும்பு விவசாயி ஒருவர் வேட்டியை மடித்துக் கால்களை நீட்டிக் காட்டுவார். "எடது காலு மாப்ள, வலது காலு மாமனாரு. ரெண்டும் ஒரே பஸ்ஸுல வந்து எறங்குது பாருங்க." என் மனைவி அங்கே மட்டும் சிரித்தாள்.

ஒவ்வொரு மாதமும் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால், வரிசையில் நிற்கும் பெண்களிடம் நர்சு உரத்த குரலில் ஒரு கேள்வி கேட்பாள்: "தீட்டு ஒழுங்கா வருதா?" கரும்புக்காரர் இருப்பார், சூளை ஆட்கள் இருப்பார்கள், என்னைப் போன்ற கணவர்கள் இருப்பார்கள். பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். வருவதாகத்தான் ஆட்டுவார்கள். வேறெப்படியும் ஒருத்தி ஆட்டி நான் பார்த்ததில்லை.

என் மனைவியும் ஆட்டினாள், வராத மாதங்களிலும். அவள் பிறந்த வீட்டில், வயிறு தானாகத் தெரியும்வரை வெளியாருக்குச் சொல்லும் வழக்கமில்லை. சொன்னால் கண் படும் என்பார்கள். இரண்டை இழந்தவளுக்கு அந்த வழக்கம் இன்னும் இறுகியிருந்தது. எனக்குச் சொன்னாள், தன் தாய்க்குச் சொன்னாள். அது அவள் சொல்ல வேண்டிய செய்தி. எவரிடம் சொல்வது என்பதும் அவளுடைய தீர்மானம்.

அப்போதுதான் வலக்கையும் ஆறத் தொடங்கியது.

மருத்துவர் அந்தக் கையைச் சன்னலருகே இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கைக்கும் ஒரே ட்யூபைப் போட்டிருக்கீங்க" என்றார்.

"இல்லீங்க."

"இது தானா ஆறாதும்மா. நீங்க பொய் சொன்னா என் வேலையே கெட்டுப்போகும்."

"ஒங்க வேல கெடாம இருக்க என் கை புண்ணாவே கெடக்கணுமா? ட்யூப்ப நிறுத்துப் பாருங்களேன்."

மாதந்தோறும் எஞ்சிய களிம்பைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது வழக்கம்தான். நிறுத்தார். இரண்டு குழாய்களிலும் செலவாக வேண்டிய அளவே செலவாகியிருந்தது. அவர் தராசைத் தள்ளி வைத்தார்.

"பிதுக்கிக் கீழே போட்டிருக்கலாம். இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு."

"நாங்களும் எத்தனையோ டாக்டருங்களப் பாத்தாச்சு. அதுல நீங்களும் ஒருத்தரு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அடுத்த முறை சென்றபோது சேலை மறைக்கும் நிலை கடந்திருந்தது. மருத்துவர் கையைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்த்தார். எத்தனை மாதம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவளையே கேளுங்கள் என்றேன். கேட்டார்.

"அஞ்சு முடியுது" என்றாள்.

அவர் பேனாவை மூடினார். கருவுற்ற பெண்களில் சிலருக்கு இந்த நோய் தானாக அடங்கும் என்றும், வலக்கை அதனால்தான் ஆறியிருக்கிறது என்றும், இடக்கையில்கூட மருந்தின் பங்கு எவ்வளவு, கருவின் பங்கு எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது என்றும் விளக்கினார். ஏன் அடங்குகிறது என்பது அன்று தெளிவாகத் தெரியாது. உடம்பு தன் காவலைத் தன் தோல் மீதே ஏவிவிடும் நோய் இது, கருவை அன்னியமென்று தள்ளிவிடாதபடி அந்தக் காவல் மாறிக்கொள்ளும்போது அழற்சியும் தணியலாம் என்று பின்னாளில் எழுதினார்கள். சூளையின் சூடே நடுவில் மாறிவிட்டது. அதை நான் உடனே புரிந்துகொண்டேன். ஆராய்ச்சியிலிருந்து அவளை விலக்கியதும், கருவைக் கருதிக் களிம்பை நிறுத்தியதும் சரியே.

"நல்ல மருந்த ரெண்டு கைக்கும் தருவன்னீங்களே. புள்ள பொறந்தப்பறமாவது தருவீங்களா?" என்றாள் அவள்.

"அது ஆராய்ச்சியில முழுசா இருந்தவங்களுக்கு." பிறகு, கேட்காமலே சொன்னார்: "பிறந்ததும் திரும்பி வரும். முன்னைவிட அதிகமாகவும் வரலாம்."

போன மாதம் இவளைப் பொய் சொல்பவள் என்றீர்களே, அதை இப்போது திரும்பப் பெறலாமல்லவா என்று நான் கேட்டேன். என் குரல் உயரவில்லை.

"இதை மறைச்சாங்களே சார், அதுவும் பொய்தானே?" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

மருந்து எந்தக் குழாயில் இருக்கிறது என்பதைத் தம்மிடமிருந்தே மறைத்துக்கொள்ள அவ்வளவு ஏற்பாடு செய்தவர், ஒரு பெண் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு திரைச்சீலைக்கு ஏற்பாடு செய்யவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் தலையாட்டிய மற்றப் பெண்களில் எத்தனை பேர் உண்மைக்குத் தலையாட்டினார்கள் என்பது அவருக்கு இறுதிவரை தெரிந்திருக்காது. அவருடைய முடிவுகள் எங்கோ அச்சாகியிருக்கும். நான் தேடிப் படிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவள் அழவில்லை. "பொறந்ததும் வருமாம்ல? அதுக்குள்ள வளகாப்பு வெச்சிடணும்" என்றாள்.

"யாரைக் கூப்பிட வேண்டும்?"

"கொழாயடி மொத்தத்தையும்."

ஏழாம் மாதத்தில் வைத்தோம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அவள் தாய் வீட்டார் புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி வந்து அழைத்ததை மறுத்தால் ஊர் பேசும். ஆகவே குழாயடி முழுவதும் வந்தது. ஆண்களுக்குக் கூடத்தில் இடமில்லை. நான் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவில் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது.

ஒவ்வொருத்தியும் இரு கைகளிலும் முழங்கை வரை சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் அடுக்க வேண்டும். மேற்பார்வையாளரின் மனைவி வந்து உட்கார்ந்தார். தயக்கமில்லாமல் பூசினார், அந்தக் கைகளில் அன்று ஒரு புள்ளிகூட இல்லை.

"எப்பிடி வழவழன்னு ஆயிட்டுது பாருங்கடி! அந்த ஆயின்மெண்டுக்குத்தான் கோயில் கட்டணும்" என்றார். ஒரு வளையலை எடுத்து வலக்கையில் நுழைத்தார்.

"ஆயின்மெண்டு இல்லக்கா. வயித்துல இருக்கறதால அடங்கியிருக்குது. பொறந்ததும் மறுபடி வந்துடும்னு டாக்டரே சொல்லிட்டாரு. நல்லா அழுத்திப் போடுங்க, இதே கைதான்."

வளையல் விரல் முட்டிகளின் மேல் பாதியில் நின்றிருந்தது. பிள்ளைத்தாய்ச்சியின் கையில் ஏற்றிய வளையலைத் திரும்ப உருவக் கூடாது. உடைந்தால் அதைவிடக் கேடு. விரல் நுனியால் தள்ளினால் முட்டியைத் தாண்டாது. அந்த அம்மாள் என் மனைவியின் கையை முழுதாகத் தம் உள்ளங்கைக்குள் வைத்து, குவித்து, பிசைந்துதான் அதை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினார். அவ்வளவு நேரமும் என் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடது கை பாக்கி இருக்குதுக்கா" என்றாள்.

அந்த அம்மாள் இடக்கைக்கும் போட்டார். எழுந்து புழக்கடைக்குச் சென்றார். அவர் நெடுநேரம் கை கழுவும் ஓசை சமையலறைவரை கேட்டது, கூடத்துக்கும் கேட்டிருக்கும். அடுத்து உட்கார வேண்டியவள் தன் குழந்தை அழுவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு அடுத்தவள் உட்கார்ந்தாள்.

தாய் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவர் சொன்னபடியே, சில வாரங்களில் இரு கைகளிலும் செதில்கள் திரும்பின. முன்பு இல்லாத இடங்களிலும் வந்தன. அவர் சொன்னதில் பிழையில்லை என்பது அவர் மீது எனக்குள்ள கோபத்தைச் சிறிதும் குறைக்கவில்லை. நான் ஊருக்குள் வேறு வீடு பார்த்து வைத்தேன்.

"நான் எதுக்குப் போவணும்?" என்று கேட்டுவிட்டு, குழந்தையோடு அதே குடியிருப்புக்குத் திரும்பினாள்.

வந்த அன்று மாலையே மேற்பார்வையாளரின் மனைவி சர்க்கரைப் பொட்டலத்தோடு குழந்தை பார்க்க வந்தார். வாசற்படியில் நின்றார். என் மனைவி கைகளை மூடிக்கொள்ளவில்லை. செதில் படிந்த அந்த இரு கைகளில் குழந்தையை ஏந்தி நீட்டினாள்.

"வாங்கிக்குங்கக்கா."

அந்த அம்மாள் கைகளைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தம் இரு கைகளையும் மூடி, அதன்மேல் குழந்தையை வாங்கினார்.

"அம்மா ஜாடை" என்றார்.

"தோலு?"

"இப்ப நல்லாத்தான் இருக்குது."

குழந்தை முந்தானையை நனைத்தது. அவர் முகம் சிரிக்கப் போனது. பிறகு நினைவு வந்தாற்போல் வாய் இறுகியது. என் மனைவியும் சிரிக்கவில்லை. குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மறுநாளும் அந்த அம்மாள் வந்தார். மறுநாளும் கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டுதான் வாங்கினார். என் மனைவி மறுநாளும் வெறும் கையில் ஏந்தியே நீட்டினாள். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும்வரை இருவரில் ஒருவரும் இறங்கி வரவில்லை.